நீலக் கோப்பிக் கிளையும் தி.நகர் அண்ணாச்சியும்

எழும்பூர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து நின்றதுமே என்னை மலையாளியாக்கிவிட்டார்கள்.

"அபிராமபுரம் போகவேணும். வருவியளோ?" என்று ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரரைக் கேட்டேன். அவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு என்னையும் என் தகரப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மலையாளமாம்மா நீ?"

"இல்லை, தமிழ்தான். யாழ்ப்பாணம்."

"அது கேரளாவுல எங்க கீது?"

பெண்கள் பள்ளியில் பூமிசாஸ்திரம் படிப்பிக்கிறவள் நான். சும்மா விட முடியுமா? ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்து, கடல் எங்கே, தலைமன்னார் எங்கே, அங்கேயிருந்து வடக்கே எங்கள் குடாநாடு எங்கே என்று காற்றில் படம் கீறி விளக்கினேன். ராயப்பேட்டை மணிக்கூண்டு வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டு மிதித்தவர் திடீரென்று பிரேக் போட்டார்.

"சிலோன்னு ஒரு வார்த்தைல சொல்றத வுட்டுட்டு இன்னாமோ சுத்திக்கினு வர்றியே! ரேடியோல பாட்டு போடுற ஊர்தானே? எம் பேரு ஏழுமலை. வூட்டுக்காரி பேரு கன்னியம்மா. நேயர் விருப்பத்துல ரெண்டு பேரையும் சேத்துச் சொல்லச் சொல்லும்மா."

வானொலி நிலையத்தின் வாசலைக்கூட நான் மிதித்ததில்லை. ஆனாலும் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் பள்ளம் மேடெல்லாம் பார்த்து, என்னை ஒரு கண்ணாடிச் சாமானைப் போலக் கொண்டுபோய் இறக்கினார். மெட்ராசில் நான் செய்த முதல் கள்ளத்தனம் அது. அடுத்து வந்த நாட்களில் செய்தவற்றோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

அறுபத்தொன்பதாம் ஆண்டு சித்திரை விடுமுறை. வீட்டில் சொல்லிவிட்டு வந்த காரணம், அண்ணர் மகளின் கலியாணத்துக்குக் கூறைச்சேலை எடுப்பது. திலகவதி மெட்ராசில் படித்தவள், கடைத்தெரு தெரிந்தவள் என்று என்னைத்தான் தெரிவு செய்தார்கள். அப்படித் தெரிவு செய்யும்படி, தைப்பொங்கலிலிருந்தே சாப்பாட்டு மேசையில் மெட்ராஸ் பட்டைப் பற்றியே நான் கதைத்துக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கூறை ஒரு சாட்டு. நான் வந்தது ஒரு பழைய கடித உறைக்காக.

தபால் முத்திரை சேர்க்கிறவர்களில் பல வகை உண்டு. ராசா ராணி தலை போட்ட அரசாங்க முத்திரைகளோடு திருப்திப்படுகிறவர்கள் ஒரு வகை. அரசாங்கம் எட்டிப் பார்க்காத இடத்துக்குத் தனியார் ஓட்டிய தபாலில்தான் எனக்குப் பித்து. போன நூற்றாண்டில் எங்கள் மலைநாட்டில் தேயிலைக்கு முன்னால் கோப்பி, இங்கே காபி என்கிறார்களே அது, இருந்தது. அரசாங்கத் தபால் பெரிய ஊரோடு நின்றுவிடும். அதற்கு மேலே காடும் அட்டையும்தான். அங்கே ஒரு தோட்டக் கம்பனி தன் சொந்த ஓட்டக்காரர்களை வைத்துக் கடிதப் பை சுமக்க வைத்தது. கூலிக்காகத் தானே ஒரு முத்திரையும் அடித்துக்கொண்டது. மெல்லிய தாள், நீல மை, நாலு இலையும் மூன்று பழமுமாய் ஒரு கோப்பிக் கிளை. ஓரத்தில் பல் கிடையாது. கத்தரிக்கோலால் வெட்டித்தான் ஒட்ட வேண்டும். பிறகு இலையில் நோய் விழுந்து கோப்பி அழிந்தது, கம்பனியும் தபாலும் கூடவே போய்ச் சேர்ந்தன.

உதிரி முத்திரை சிலரிடம் உண்டு. ஆனால் மலையிறங்குவதற்குக் கோப்பிக் கிளையும், கடல் தாண்டுவதற்கு அரசாங்க முத்திரையும் ஒரே உறையில் ஒட்டி வந்ததை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அப்படி ஒன்று தன்னிடம் இருக்கிறது என்று மயிலாப்பூரிலிருந்து வைத்தியநாதன் எழுதியிருந்தார். ஓய்வு பெற்ற ரசாயனப் புரொபசர். இருவரும் கடிதம் மூலம் முத்திரை மாற்றிக்கொள்ளும் சிநேகிதர்கள். உறையைத் தருவாரா மாட்டாரா என்று மட்டும் எந்தக் கடிதத்திலும் சொல்ல மாட்டார். "நேரில் வாருங்கள், பேசலாம்" என்று முடித்துவிடுவார். எங்கள் ஊரில் பேசுவதென்றால் ஏசுவது. ஆகவே கொஞ்சம் பயத்தோடுதான் கப்பல் ஏறினேன்.

அபிராமபுரத்தில் சுசீலா வீடு. கல்லூரியில் என் அறைத்தோழி. அவளிடம் கூறைக் கதை ஒரு நிமிடம்கூட எடுபடவில்லை.

"புடவையாவது மண்ணாவது! கண்ணு ரெண்டும் காஞ்சு போயிருக்கு. எந்த ஸ்டாம்பு?" என்றாள்.

இடியப்பம் வைத்தாள். ஆசையோடு, எங்கள் ஊரில் அதன்மேல் ஊற்றும் சொதிக் குழம்பைத் தேடினேன். சர்க்கரையும் தேங்காய்ப் பாலும் வந்தன. எங்கள் ஊரில் இதைக் காய்ச்சல்காரருக்குத்தான் கொடுப்பார்கள். பயணத்தில் குறை சொல்லக் கூடாது என்று தின்றேன். மூன்றாவது தட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லாமல் போயிற்று.

மறுநாள் காலை மயிலாப்பூர். குளத்தைச் சுற்றிப் பூக்கடைகள். வெயில் ஏறுவதற்குள் வாங்கிவிட வேண்டுமென்று ஓடும் பெண்கள். ஒரு சந்தில், கதவு எண்ணைத் தேடித் திரிந்தபோது மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"சிலோன் டீச்சர்தானே? நேரா மாடிக்கு வந்துடுங்கோ. நான் வடாம் விட்டுண்டு இருக்கேன், நகர முடியாது!"

அலமேலு மாமி, புரொபசரின் மனைவி. மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து, குந்தியிருந்து கரண்டியால் வடகம் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், சூடான அந்த வடாம் கூழை ஒரு டம்ளரில் வார்த்து நீட்டினார். பச்சை மிளகாயும் எலுமிச்சையும் பெருங்காயமும் சேர்ந்த கூழ். நான் டம்ளரை வாயில் வைத்துக் குடித்தேன். மாமியின் பார்வை டம்ளரில் நின்றது. தூக்கித்தான் குடிக்க வேண்டும் என்பது அப்போதுதான் நினைவு வந்தது. அடுத்த வாயைத் தூக்கி ஊற்றினேன். பாதி கழுத்துக்குள் போயிற்று.

"வாயில வெச்சே குடியுங்கோ, பரவால்ல. கழுத்துக்கு எதுக்கு வடாம்?" என்றார் மாமி.

அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஊரிலிருந்து கொண்டுவந்த கராம்பும் ஏலமும் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு இடுப்பில் முடிந்துகொண்டார்.

புரொபசர் கீழே கூடத்தில் காத்திருந்தார். ஒல்லியான, வழுக்கைத் தலை மனிதர். என்னை உட்காரவைத்து, உள்ளே போய் ஒரு பித்தளைத் தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். தட்டில் உறை இருந்தது. ஒன்றில்லை, இரண்டு. இரண்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே நீலக் கோப்பிக் கிளை, பக்கத்தில் ராணி தலை. இரண்டிலும் ஒரே மாதிரித் தண்ணீர்க் கறை.

"மாமியோட கொள்ளுத் தாத்தாவுக்கு ஒரு தம்பி," என்று ஆரம்பித்தார் புரொபசர். "கடல் தாண்டப்படாதுன்னு சொன்ன காலத்துல தாண்டிப் போய், தோட்டக் கம்பெனில கணக்கு எழுதினவர். அவர் கடுதாசி வந்தா தீட்டுன்னு தண்ணி தெளிச்சுட்டுத்தான் ஆத்துக்குள்ள எடுப்பாளாம். அந்தக் கறைதான் இது."

"இரண்டு கடிதம் வந்ததோ?"

"வந்தது ஒண்ணு. இன்னொண்ணு நான் பண்ணினது."

நான் தட்டை விட்டு அவரைப் பார்த்தேன். அவர் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு போனார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை இந்த உறையைக் கேட்டு அதிகாரம் செய்திருக்கிறார். இல்லையென்று சொல்ல முடியாது, கொடுக்கவும் மனம் இல்லை. கல்லூரி ஆய்வுகூடத்தில் மை கலந்து, மாமனார் வீட்டுப் பழைய தாளை எடுத்து, இரவல் மரக்கட்டையில் கிளை செதுக்கி, துரைக்கென்று ஒரு போலியைத் தயாரித்தார். எல்லாம் முடிந்தபோது துரை சீமைக்குக் கப்பலேறிவிட்டார். அன்று முதல் உண்மையும் போலியும் ஒரே பெட்டியில் குடித்தனம் செய்கின்றன.

"எங்களுக்கப்புறம் இதையெல்லாம் பாக்க ஆள் இல்லை," என்றார். "உங்களுக்கும் வேணும். தி.நகர்ல தங்கச்சாமின்னு ஒருத்தர், ஜவுளிக்கடை, அவருக்கும் வேணும். வியாழக்கிழமை மத்தியானம் ரெண்டு பேரும் வாங்கோ. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கலாம். எது நிஜம்னு நான் சொல்ல மாட்டேன். மாமியும் சொல்ல மாட்டா."

"நான் ஏன் சொல்லப் போறேன்?" என்றது சமையலறை.

தொட்டுப் பார்க்க அனுமதி கேட்டு, இரண்டு உறைகளையும் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டிலும் முத்திரைக்கு அடியில் பூச்சி அரித்த ஓட்டை இருந்தது. ஒன்றில் ஓட்டை உறையையும் முத்திரையையும் சேர்த்துத் துளைத்துக்கொண்டு வெளிச்சம் காட்டியது. மற்றதில் உறையில் மட்டும் ஓட்டை. மேலே முத்திரை முழுசாக இருந்தது. முன்பே அரித்துப்போன பழைய தாளில் பின்னால் முத்திரையை ஒட்டினால்தானே அப்படி இருக்கும்? என் நெஞ்சு அடித்த சத்தம் மாடி வடகத்துக்கே கேட்டிருக்கும். முகத்தை வாடவைத்துக்கொண்டு, "ஒண்டும் விளங்கேல்லை" என்று உறைகளைத் திருப்பிவைத்தேன்.

புதன்கிழமை, கூறை எடுக்கும் நாள். தி.நகரில் இத்தனை ஜவுளிக்கடை இருக்கும்போது நான் நேரே தங்கச்சாமி கடைக்குப் போனேன். எதிரியை நேரில் பார்த்துவைப்பது நல்லதல்லவா?

கடை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒருவர் பன்னீர் சோடாவோடு வந்து நின்றார். எங்கள் ஊர்க் கடைகளில் துணியைத் தொட்டுப் பார்த்தாலே முதலாளி இருமுவார். இங்கே வெள்ளை விரிப்பில் உட்காரவைத்து, நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்லப் புடவைகளை விரித்துக்கொண்டே போனார்கள். கல்லாவில் இருந்தவர், ஊழியர்கள் 'அண்ணாச்சி' என்று கூப்பிட, எழுந்து வந்தார். நல்ல பருமன், வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி.

"யாழ்ப்பாணமாம்மா?" என்றார்.

மெட்ராசில் என்னை மலையாளி என்று சொல்லாத முதல் மனிதர். கோபப்பட வேண்டிய இடத்தில் சந்தோஷம் வந்து தொலைத்தது.

"எங்க அப்பா கொழும்புல கடை வச்சிருந்தாக. நான் பொறந்ததே அங்கதான். கூறை எடுக்கவா வந்தீக? கூறைன்னு கேட்டு எத்தனை வருசமாச்சு! ஏ தம்பிகளா, அந்த அரக்குப் பட்டை எடுங்கலே."

அவருடைய கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடியும் முத்திரை பிடிக்கும் இடுக்கியும் கிடந்தன. நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"ஜரிகை பாக்கதுக்கு," என்றார்.

"ஓம், ஜரிகை பார்க்க இடுக்கி வேணும்தான்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. புடவையின் தலைப்பை நீவிக்கொண்டே தொடர்ந்தார். "இலங்கைலேருந்து ஒரு டீச்சரம்மா மயிலாப்பூருக்கு வந்திருக்காகளாம். ஸ்டாம்பு சேக்காகளாம். ரொம்ப அகங்காரம்னு கேள்வி. உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாது. முத்திரை சேர்க்கிறது ஆம்பிளைப் பிள்ளையள் எல்லோ செய்யிற வேலை?"

"அதானே! எங்கயும் பாத்தீகன்னா சொல்லுங்க. தங்கச்சாமி வெறுங்கையோட திரும்புத ஆள் இல்லைன்னு."

"கண்டால் சொல்லுறன். அவவும் அப்படித்தான் எண்டு எனக்கு ஒரு நினைப்பு."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர்களாகச் சோடா குடித்தோம். வேவு பார்க்கப் போனவள் வெளியே வரும்போது கையில் கூறைச்சேலை, அண்ணிக்கு ஒரு பட்டு, எனக்கென்று நான் கேட்கவே இல்லாத இரண்டு புடவைகள். பார்த்த வேவு, எதிரி நல்ல வியாபாரி என்பது மட்டும்தான். கூறைக்கு ஓரம் தைத்து வைப்பதாகவும், வியாழக்கிழமை காலை வந்து வாங்கிக்கொண்டு அப்படியே போகலாம் என்றும் அண்ணாச்சி சொன்னார். எங்கே போகலாம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை கடையில் அண்ணாச்சி இல்லை. கூறை தயாராக இருந்தது. கடை ஊழியர் ஒருவர் மிகுந்த மரியாதையோடு என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை வந்தார்.

"நீங்க மயிலாப்பூர் போகணுமாமே. முதலாளி சொல்லிட்டுப் போனாக. இந்த பஸ்தான்மா. கடைசி ஸ்டாப்புல எறங்குங்க."

மாடி பஸ். மேல்தட்டில் முன் இருக்கை கிடைத்த சந்தோஷத்தில் சந்தேகப்பட மறந்துவிட்டேன். மரக்கிளைகள் ஜன்னலில் அடித்துக்கொண்டு போயின. எனக்கு அவை கோப்பிக் கிளைகளாகவே தெரிந்தன. போகப் போக வீடுகள் குறைந்து மரங்கள் கூடின. ஆற்று நாற்றம் வந்தது. கடைசி நிறுத்தத்தில் இறங்கி, "குளம் எந்தப் பக்கம்?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"இன்னா கொளம்? இது அடையாறும்மா."

"மயிலாப்பூர்?"

"மயிலாப்பூர் பக்கமே இந்த வண்டி போவாதே. யாரு ஏத்திவுட்டது உன்னை?"

யார் ஏற்றிவிட்டது என்று எனக்கு அந்தக் கணத்தில் மிக நன்றாக விளங்கியது. நடுவெயிலில், கையில் அவருடைய கடைப் பையையே சுமந்துகொண்டு நின்றேன். கோபத்தில் ஒரு நுங்குக்காரரிடம் போய், கண் கண்ணாகப் பிடுங்கித் தின்றேன். யாழ்ப்பாணத்து நுங்குக்கு இது கிட்டவும் வராது. ஆனாலும் கோபம் கொஞ்சம் இறங்கியது.

சைக்கிள் ரிக்‌ஷா பிடித்தேன். பாலத்தின் நடுவில் டயர் காற்றுப் போயிற்று. ரிக்‌ஷாக்காரர் இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ கொஞ்சம் எறங்கி நடந்தா, வண்டி சோக்கா வரும்மா."

பாலம் முழுக்க நான் நடந்தேன், வண்டி என் பையைச் சுமந்துகொண்டு பக்கத்தில் சோக்காக வந்தது. மறுகரையில் பஞ்சர் ஒட்டி, மந்தைவெளி வழியாக மயிலாப்பூர்ச் சந்துக்குள் நுழைந்தபோது, உறை போய்விட்டிருக்கும் என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை தூரம் வந்து, கடல் தாண்டி வந்து, ஒரு பஸ்ஸில் தோற்பதா!

கூடத்தில் அண்ணாச்சி ஊஞ்சலில் உட்கார்ந்து, வாழையிலைத் துண்டில் மோர்க்களி தின்றுகொண்டிருந்தார். முகத்தில் அவஸ்தை.

"வந்தாச்சா?" என்றார் மாமி. "சீக்கிரம் எடுத்துண்டு போறேன், எடுத்துண்டு போறேன்னு பறந்தார். வயத்துக்கு ஏதாவது சாப்பிடாம எங்காத்துலேருந்து யாரும் போகப்படாதுன்னுட்டேன். இது மூணாவது தடவை பரிமாறறேன்."

மாமியின் காலில் விழலாம் போலிருந்தது.

"அடையாறு எப்படி இருக்கு டீச்சரம்மா?" என்றார் அண்ணாச்சி, வாயில் களியோடு.

"நல்ல காற்று. நீங்களும் ஒருக்கால் போய்ப் பாக்கவேணும். திரும்பி வராமல்."

புரொபசர் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். இருவரும் மாற்றாகக் கொண்டுவந்ததை வாங்கிக்கொண்டார். நான் எங்கள் பழைய ராணி தலைகள் சிலவற்றைக் கொடுத்தேன். அண்ணாச்சி திருவிதாங்கூர்ச் சங்கு முத்திரைகள் ஒரு பக்கம் நிறையக் கொடுத்தார். முதலில் யார் எடுப்பது என்ற கேள்வி வந்தது.

"முன்னாடி வந்தவா முன்னாடி," என்று மாமி தீர்ப்புச் சொல்லிவிட்டார். அடையாறின் பலன் அது.

அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து உறைகளை எடுத்தார். ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளிச்சத்தில் பிடித்தால் முடிந்தது. நான் ஒரே எட்டில் போய் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றேன்.

"டீச்சரம்மா, கொஞ்சம் தள்ளி நிக்கீகளா? இருட்டா இருக்கு."

"தலை சுத்துது. அடையாற்று வெயில். காத்து வேணும்."

அவர் இடப்பக்கம் சாய்ந்தார், நானும் சாய்ந்தேன். வலப்பக்கம் சாய்ந்தார், எனக்கு அந்தப் பக்கமும் தலை சுற்றியது. புரொபசர் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தார். கடைசியில் அண்ணாச்சி பெருமூச்சு விட்டு, ஒரு உறையை எடுத்துக்கொண்டு, மற்றதைத் தட்டில் போட்டார். பாய்ந்து போய்ப் பார்த்தேன். தட்டில் கிடந்தது, ஓட்டை இரண்டையும் துளைத்த உறை. என்னுடையது!

அடக்கமாக இருக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை. உறையை ஜன்னலில் பிடித்து, வகுப்பறைக் குரலில் விளக்கத் தொடங்கினேன். பூச்சி உறையையும் முத்திரையையும் சேர்த்துத் தின்றிருக்கிறது, ஆகவே இரண்டும் பூச்சிக்கு முன்பே ஒன்றாக இருந்தவை, ஆகவே இதுதான் உண்மை. "அண்ணாச்சி, உங்கடை உறையிலை முத்திரை முழுசா இருக்கு. பாருங்கோ!"

அண்ணாச்சி ஊஞ்சலில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார்.

"போன மாசமே பாத்துட்டேன் டீச்சரம்மா. நீங்க சன்னல்ல நின்னு ஆடுன ஆட்டம் வீண். நான் தெரிஞ்சுதான் போலியை எடுத்தேன். நிஜமானது இன்னும் எங்கயாவது ஒண்ணு ரெண்டு கெடக்கும். புரொபசர் சார் கையால பண்ணுனது உலகத்துலயே இது ஒண்ணுதான். எனக்கு அதுதான் வேணும்."

என் உற்சாகத்தில் பாதி அப்படியே இறங்கிப்போயிற்று. மனிதர் தோற்றுவிட்டுப் பேசுகிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மாமி சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"எடுத்தாச்சோன்னோ ரெண்டு பேரும்? இனிமே சொல்லலாமோன்னா?" என்று புரொபசரைப் பார்த்தார். அவர் தலையாட்டினார்.

"டீச்சர், அந்த ஓட்டை நான் போட்டது."

"எது?"

"உங்க கையில இருக்கே, அதுல. ஸ்வெட்டர் பின்ற ஊசியைக் குமுட்டியில காய்ச்சி ஒரே குத்து. அப்போ எனக்குக் கல்யாணம் ஆன புதுசு. இவர் கை நடுங்கறதுன்னு எங்கிட்ட குடுத்துட்டார்."

"அப்ப மற்றது..."

"அது நிஜப் பூச்சி. உள்பக்கத்துலேருந்து தின்னுண்டே வந்துது. ஸ்டாம்புகிட்ட வரச்சே அதுக்கு வயறு ரொம்பிடுத்து போலருக்கு."

நான் நம்ப மறுத்தேன். புரொபசர் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து என் உறையில் வைத்தார். கோப்பிக் கிளையின் கீழ் இலையில், நரம்போடு நரம்பாக, கடுகிலும் சின்னதாக ஒரு தமிழ் எழுத்து. 'வை'. வைத்தியநாதனின் வை. மலைநாட்டுக் கம்பனிக்காரன் அதைப் போட்டிருக்க வழியே இல்லை.

ஊஞ்சல் ஒருமுறை கிறீச்சிட்டு நின்றது. அண்ணாச்சி தன் கையிலிருந்த உறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேடி வந்த உண்மை அவர் மடியில் இருந்தது. போலிதான் வேண்டும் என்று சொன்ன வாய் இன்னும் மூடவில்லை.

"பேச்சுக்குச் சொன்னது..." என்று ஆரம்பித்தார்.

மாமி அவரைப் பார்த்த பார்வையைத்தான் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. முந்தாநாள் என் டம்ளரைப் பார்த்த அதே கண்.

அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது. துண்டால் கழுத்தைத் துடைத்தார். உறையை ஒருமுறை திருப்பிப் பார்த்தார், தண்ணீர்க் கறையைத் தடவினார். நான் ஊரில் சொன்ன பொய், ஏழுமலைக்குக் கொடுத்த வாக்கு, வாங்கிய வேண்டாத புடவைகள் எல்லாம் இந்த ஒரு தாளுக்காக. அவரும் இதற்காக எத்தனை தரம் இந்தச் சந்துக்கு வந்திருப்பார் என்று அப்போதுதான் முதல் தடவையாக நினைத்தேன்.

"அந்தக் கண்ணாடியை இப்படித் தாங்க சார்," என்றார்.

என் உறையை வாங்கி, அந்த இலையை வெகுநேரம் பார்த்தார். முதலில் மீசை ஆடியது. பிறகு வயிறு குலுங்கியது. ஊஞ்சல் சங்கிலியே குலுங்குகிற மாதிரிச் சிரித்தார்.

"என்ன வேலை பாத்திருக்காக பாருங்க! துரையை ஏமாத்த ஒருத்தர் எலை செதுக்கியிருக்காரு, கட்டுன பொஞ்சாதி பக்கத்துல உக்காந்து ஊசி காய்ச்சியிருக்காக. கம்பெனிக்காரன் அடிச்சதுல இதெல்லாம் இருக்குமா? சொன்னது சொன்னதுதான். எனக்கு இதுதான் வேணும். பிடிங்க டீச்சரம்மா, உங்க பூச்சியை."

உண்மை உறையை என் கையில் வைத்தார். வைத்துவிட்டு விரலை எடுக்க ஒரு கணம் தயங்கினார், பிறகு எடுத்துவிட்டார். "நன்றி" என்று சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். "அடையாற்றுக்கு மன்னிச்சுக்கிடுங்க," என்று அவர் சொன்னது நிச்சயமாக ஞாபகம் இருக்கிறது. ஜன்னலுக்கு நானும் மன்னிப்புக் கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு," என்று அண்ணாச்சி புரொபசரிடம் திரும்பினார். "பின்னால ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். போலின்னு எழுதி."

புரொபசர் திகைத்துப்போனார். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு ரசாயனம் சொல்லிக்கொடுத்த மனிதரிடம் யாரும் அதுவரை கையெழுத்துக் கேட்டதில்லை போலும். பேனாவைத் தேடினார்; அது அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. உறையைத் திருப்பிவைத்து, "இது முழுப் போலி. செய்தவன்" என்று எழுதி, கீழே முழுப்பெயரும் பட்டங்களும் போட்டார்.

"ஓட்டை யார் போட்டது?" என்றார் மாமி.

புரொபசர் மறுபடி குனிந்து, "துளை: அலமேலு" என்று சேர்த்தார். மாமி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாக உள்ளே போனார்.

"கல்லாவுக்கு மேல கண்ணாடி போட்டு மாட்டுவேன் சார்," என்றார் அண்ணாச்சி.

"வெயில் படாம மாட்டணும். அந்த மை வெளுத்துடும். நான் போட்ட மை, எனக்குத் தெரியும்," என்றார் புரொபசர். காது இரண்டும் சிவந்திருந்தன. அண்ணாச்சியை வாசல் வரை கொண்டுபோய் விட்டு, அவர் கார் சந்து முனையைத் தாண்டுகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்தபோதுதான் ஒரு மூலையில் நான் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பது அவர் கண்ணில் பட்டது. பாவம், தோற்றுப்போனவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது. பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"வருத்தப்படாதீங்கோ டீச்சர். உங்களுக்குக் கிடைச்சதும் அப்படி ஒண்ணும் மோசமில்லை."